யூக்காவுக்குப் பொருத்தம்

எங்கள் ஸ்கேன் சென்டரின் வாசலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு மண் தரை இருக்கிறது. பதினெட்டு அடி நீளம், ஏழு அடி அகலம். அதன் நடுவே மூன்று தண்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு யூக்கா. வாள் மாதிரி இலை, ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு ஊசி. யார் நட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருடமாக நான் அதைத் தாண்டித்தான் எக்ஸ்ரே அறைக்கு வேலைக்குப் போகிறேன். எக்ஸ்ரே எடுக்க வந்த ஒரு ஆளுக்கு அது இலவசமாக ஊசியும் போட்டு அனுப்பியிருக்கிறது.

சென்டரை நடத்தும் டாக்டரம்மா ஒரு நாள் காரை விட்டு இறங்கியதும் அதை முறைத்துப் பார்த்தார்.

"இதைப் பிடுங்கிட்டு டைல்ஸ் போட்டுடலாம். பார்க்கவே பாழடைஞ்ச வீடு மாதிரி இருக்கு."

எனக்கு அந்தச் செடிமேல் பாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த நிமிடத்தில் என் மூளையில் ஒரு மணி அடித்தது. "டாக்டர், பிடுங்க வேண்டாம். சுத்தித் தோட்டம் போட்டுடலாம். என் தம்பி செஞ்சு தருவான்" என்று சொல்லிவிட்டேன். என் தம்பிக்குத் தோட்டம் என்றால் என்ன என்றே தெரியாது.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்து நான்கு. பெரிய கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். எந்த அட்டைப்பெட்டி எந்த அடுக்கில் என்று அவன்தான் முடிவு செய்வான். ஒரு மத்தியானம் அவன் அடுக்கச் சொன்ன அடுக்கு ஒன்று சரிந்து, கூட வேலை பார்த்தவரின் கால் முறிந்தது. கம்பெனி இவனை ஒன்றும் சொல்லவில்லை. கால் முறிந்தவரே போன் செய்து "விடுப்பா" என்றார். இவன்தான் விடவில்லை. அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தவன் பதினான்கு மாதமாக அங்கேயே கிடந்தான். காபியா டீயா என்று கேட்டால்கூட "எதுன்னாலும் சரி" என்பான்.

எங்கள் அண்ணன் மூன்று தடவை வந்து பேசிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு நான் தண்ணி தெளிச்சு விட்டாச்சு. இனி உன்பாடு" என்று போய்விட்டார். நான் விடுகிற ஆளா? என் சுபாவம் அப்படி. பிடித்தால் உடும்பு.

டாக்டரம்மா யோசித்தார். "மூணு மாசம் டைம். தண்ணி ஊத்தறதுக்கெல்லாம் நம்மகிட்ட தண்ணி கிடையாது, தெரியும்ல? உள்ளே குழாய்லயே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. அதுலயும் நல்லா வந்தா, மத்த ரெண்டு பிராஞ்ச் முற்றத்தையும் அவர்கிட்டயே கொடுத்துடறேன். வேலையாவே வச்சுக்கறேன். வரலைன்னா டைல்ஸ்."

அன்று சாயங்காலம் பின்னறைக் கதவில் நின்று சொன்னேன். அவன் சுவரைப் பார்த்தான். பிறகு, "யூக்காவா? அது எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?" என்று கேட்டான். பதினான்கு மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி. செடி எந்தப் பக்கம் பார்க்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "நாளைக்கு வந்து அதையே கேளு" என்றேன். வந்தான்.

முதல் வாரம் முழுக்க அவன் ஒரு செடியும் நடவில்லை. சாக்பீஸ் எடுத்து, மணிக்கு ஒரு தடவை சுவரின் நிழல் விழும் இடத்தில் கோடு போட்டான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்த மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் காத்திருந்தான். மண் அடுக்கடுக்காகப் படிந்ததும் ஸ்கேலை வைத்து அளந்தான். களிமண் அதிகம், மணல் குறைவு என்று நோட்டில் எழுதினான். ரிசப்ஷனில் இருக்கும் பெண் என்னிடம் வந்து, "அக்கா, உங்க தம்பி மண்ணுக்கு டெஸ்ட் எடுக்கறார். ரிப்போர்ட் எப்போ தருவார்?" என்றாள். நான் சிரித்தேன். உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவுக்குப் பின்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நர்சரிக்குப் போனோம். நர்சரிக்காரிக்கு எங்கள் வயதுதான் இருக்கும். இடுப்பில் கத்தரிக்கோல், காதில் செருகிய பென்சில்.

"யூக்காவுக்குப் பக்கத்துல வைக்க என்ன செடி நல்லா இருக்கும்?" என்று நான் ஆரம்பித்தேன்.

"துணை தேடறீங்களா? அப்போ முதல்ல பொருத்தம் பார்க்கணும். இடம் எப்படி?"

"இடம்..." என்று நான் வாயைத் திறந்தேன். தம்பி நோட்டை நீட்டினான். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நிழல் கணக்கைப் பார்த்ததும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சார் என்ன வேலை பண்றீங்க?"

"இவன் முன்னாடி ஒரு கோடவுன்ல..." என்றேன்.

"நான் சாரைக் கேட்டேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"இப்போதைக்கு இதுதான் வேலை" என்றான் தம்பி. அவன் காது சிவந்துவிட்டது.

அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசியதில் நான் வெறும் பார்வையாளர். எனக்கு ரோஜா பிடிக்கும். ஒரு ரோஜாத் தொட்டியைக் கையில் எடுத்தேன். அவள் அதை வாங்கித் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"பூ, கலர் எல்லாம் அப்புறம் மேடம். எல்லாத்துக்கும் ஒரே அளவு தாகம் இருக்கணும், அதுதான் பொருத்தம். ரோஜாவுக்குத் தினமும் பசிக்கும். யூக்காவுக்கு மாசத்துக்கு ஒரு தடவை பசிச்சா பெருசு. ரெண்டையும் ஒரே பந்தியில உட்கார வச்சா ஒண்ணு பட்டினி கிடக்கும், இல்ல ஒண்ணு வயிறு வெடிச்சுப் போகும்."

"சோற்றுக்கற்றாழை?" என்று கேட்டான் தம்பி.

"ஒத்துப்போகும். ஆனா மண்ணு வடியணும். உங்க களிமண்ணுல பாதிக்குப் பாதி மணலும் ஜல்லியும் கலந்து மேடாக்குங்க."

"டேபிள் ரோஸ்?"

"வெயில் அடிக்கிற ஓரத்துல வைங்க. நித்தியகல்யாணி சுவரோரம். உண்ணிச்செடி ஒண்ணே ஒண்ணு போதும், அதுக்கு இடம் கொடுத்தா வீட்டையே எழுதி வாங்கிடும்."

"யூக்கா வேர் எவ்வளவு தூரம் ஓடும்? இதுங்களோட சண்டை போடுமா?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இருபது வருஷமா செடி விக்கிறேன். எல்லாரும் பூ எப்போ வரும்னுதான் கேப்பாங்க. வேரைப் பத்தி நீங்கதான் கேக்கறீங்க." பிறகு தரையில் குச்சியால் வரைந்து காட்டினாள். மூன்று அடி தள்ளி நட வேண்டுமாம். வேர் இடிக்காது, இலையும் குத்தாது.

மூன்றாம் வார முடிவில் நட்டான். மணல் மேட்டில் கற்றாழை ஆறு, ஓரத்தில் டேபிள் ரோஸ், சுவரோரம் நித்தியகல்யாணி, மூலையில் அந்த வீட்டை எழுதி வாங்கும் உண்ணிச்செடி. நட்ட பிறகு சந்தேகம் கேட்க நர்சரிக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் வந்தான். தனியாக! அவன் திரும்பும்வரை நான் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தேன் என்பதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவன் சாப்பிட்டுவிட்டு நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனான். திறந்து பார்த்தேன். அடுத்தவர் நோட்டைப் பார்ப்பது தப்புதான். கடைசிப் பக்கத்தில் நர்சரிக்காரி சொன்னது என்று தலைப்பிட்டு எழுதியிருந்தான்: "பத்து நாள் வரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு சொம்பு. பதினோராம் நாளிலிருந்து தண்ணி தெளிச்சு விட்டுடணும்."

பதினோராம் நாள் வந்தது. அவன் தெளிக்கவில்லை. பன்னிரண்டாம் நாளும் தெளிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து செடிகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். தானே எழுதி வைத்ததைக்கூடச் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிட்டான், இன்னும் நாலு நாளில் பின்னறைக்குள் போய்ப் படுத்துவிடுவான் என்று பயந்தேன். கேட்டால் காயப்படுவான். கேட்காமலேயே சரி செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சென்டரைத் திறப்பது நான். காலை ஆறரைக்கு வந்துவிடுவேன். அவன் ஒன்பது மணிக்குத்தான் வருவான். மறுநாளிலிருந்து வீட்டுத் தண்ணீரை இரண்டு கேனில் சுமந்து வந்து தெளித்தேன். தெளித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. நன்றாகவே குளிப்பாட்டினேன்.

இரண்டு வாரத்தில் கற்றாழை மஞ்சளடித்தது. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று கேனை மூன்றாக்கினேன். செடி வாடினால் தண்ணீர் ஊற்று. இதைத் தாண்டி எனக்குத் தோட்டக்கலை தெரியாது.

தம்பி ஒரு மரக்குச்சியை மண்ணுக்குள் செருகி எடுத்துப் பார்த்தான். ஈரம். அடுத்த நாளும் ஈரம். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான்: "அக்கா, அங்க எங்கேயோ தண்ணி ஒழுகுது. பத்து நாளுக்கப்புறம் நான் ஒரு சொட்டு ஊத்தலை. மண்ணு சொதசொதன்னு இருக்கு."

"வெயில்டா அது. வெயில்ல வாடுது" என்றேன்.

"வாடலைக்கா. அழுகுது."

அந்த நிமிடமாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சொன்னால், 'நீ மறுபடியும் படுத்துடுவேன்னு நினைச்சேன்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தவிர, ஒரு பிடிவாதமும் இருந்தது. ஈரம் இருந்தால் செடி எப்படிச் சாகும் என்று உள்ளுக்குள் அவன்மேல்தான் கோபப்பட்டேன்.

அவன் விடவில்லை. ஏசி மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு சுவர் நெடுகப் போனான். அது வேறு பக்கம் போய்ச் சாக்கடையில் விழுந்தது. பிளம்பரைக் கூட்டி வந்தான். பிளம்பர் காதைத் தரையில் வைத்துக் கேட்டார், இரண்டு இடத்தில் தோண்டினார், "உங்க குழாய் கல்லு மாதிரி இருக்கு. ஒழுகல்லாம் இல்லை. தண்ணி வானத்துலேர்ந்துதான் வருது" என்று போய்விட்டார். மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

டேபிள் ரோஸ் தண்டெல்லாம் கறுத்துச் சாய்ந்தது. நித்தியகல்யாணி மூன்று காலி. உண்ணிச்செடி மட்டும் கொழுத்துப் போய்ச் சுவரேறிப் பார்த்தது. ஒரு வியாழக்கிழமை யூக்காவின் மூன்று தண்டில் ஒன்றைத் தம்பி அழுத்திப் பார்த்தான். விரல் உள்ளே போனது. கெட்ட வாடை அடித்தது. பதினோரு வருடமாக யாரும் கவனிக்காமல் நின்ற செடி அது.

அன்று அவன் ஸ்டூலை உள்ளே கொண்டுபோய் வைத்தான். "நான் கை வச்சா எதுவும் நிக்காதுக்கா. டாக்டர்கிட்ட டைல்ஸ் போடச் சொல்லிடு" என்றான். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. டாக்டரம்மா சொன்ன மூன்று மாதம் அடுத்த வெள்ளிக்கிழமை முடிகிறது. தம்பி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஐந்து நாள் வெளியே வரவில்லை. காபியா டீயா என்றேன். "எதுன்னாலும் சரி."

நான் என்ன செய்தேன்? மிச்சமிருக்கும் செடியையாவது காப்பாற்ற வேண்டும் என்று நாலாவது கேனையும் சுமந்தேன்.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் கற்றாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கேட் கிறீச்சிட்டது. தம்பி நின்றிருந்தான். தலை கலைந்து, கையில் அந்த நோட்டு.

நான் கேனைப் பின்னால் மறைத்தேன். ஐந்து லிட்டர் கேனை முதுகுக்குப் பின்னால் மறைக்கும் நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

"ராத்திரி பூரா கணக்கைப் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தான். "காலை ஒன்பது மணிக்குக் குச்சியில ஈரம் அதிகம். சாயங்காலம் அஞ்சுக்குக் கம்மி. அப்போ தண்ணி ராத்திரிக்கும் காலை ஒன்பதுக்கும் நடுவுலதான் வருது. எங்கேர்ந்துன்னு பார்த்துடலாம்னு வந்தேன்."

"நீதான் தெளிக்கணும்னு எழுதி வச்சிருந்தே!" என்று நான் கத்தினேன். குற்றவாளி நான்தான், ஆனால் கத்துவது என் பழக்கம். "எழுதி வச்சுட்டு ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தே. உனக்காகத்தான் நான் சுமந்தேன்!"

"எங்கே எழுதினேன்?"

அவன் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். தண்ணி தெளிச்சு விட்டுடணும். அவன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! தண்ணி தெளிச்சு விடறதுன்னா, அதைக் கண்டுக்காம விட்டுடறதுக்கா! அந்தம்மா சொன்னது, அதும்பாட்டுக்கு விட்டுடுங்கன்னு! அண்ணன் என்னைச் சொன்னாரே, அது!"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்த வார்த்தையை நானே எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்! ஆனால் செடிக்குப் பக்கத்தில் தண்ணி என்று எழுதியிருந்தால் தண்ணி என்றுதானே படிக்கத் தோன்றும்? உலகத்திலேயே யூக்காவைப் பேச்சு வழக்கால் கொன்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அப்போ நான் செஞ்சது சரி" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. "மணல் கலந்தது சரி. இடம் சரி. ஊத்தாம விட்டது சரி. எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கேன்."

அவன் என்மேல் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சந்தோஷப்பட்டான். தான் எதையும் கெடுக்கவில்லை என்று தெரிந்ததில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, நான் என்ன செய்ய இருந்தேன் என்பது எனக்குப் புரிந்தது. ஒருவன் பயந்து பயந்து ஒரு முடிவு எடுத்து, அதில் நின்றிருக்கிறான். நான் தினமும் காலையில் வந்து அந்த முடிவைத் தப்பாக்கியிருக்கிறேன். அதுவும் பாசத்தில்.

"தப்பு என்னுதுடா" என்றேன். எனக்கு இந்த வாக்கியம் சுலபத்தில் வராது.

"ஆமா" என்றான். "அக்கா, என்னையும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடேன். அண்ணன் விட்ட மாதிரி இல்ல. அந்தம்மா சொன்ன மாதிரி."

அவன் அழுகிய தண்டை வெட்டக் கத்தி கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். நல்ல தண்டுகளைச் சுற்றியிருந்த ஈர மண்ணை இரண்டு நாளும் அவனே வாரி வெளியே போட்டு, வெறும் மணலும் ஜல்லியும் நிரப்பினான்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். தோட்டம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. யூக்காவில் இரண்டு தண்டு, மிஞ்சிய நாலு கற்றாழையில் இரண்டு சந்தேகம், கொழுத்த உண்ணிச்செடி, மிச்சமெல்லாம் மொட்டை மணல். அவர் புருவம் ஏறியது.

"டாக்டர், இதுக்குக் காரணம் நான்தான்" என்று ஆரம்பித்து, கேன் கணக்கு உள்பட ஒன்று விடாமல் சொன்னேன். ரிசப்ஷன் பெண் கதவருகில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைத் தாண்டித் தம்பியைப் பார்த்தார்.

"சரி. இப்போ என்ன பண்ணலாங்கறீங்க? டைல்ஸ்காரருக்கு நான் பதில் சொல்லணும்."

அவன் மண்ணைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் கொடுங்கள், புதிதாக நடுவான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று வாக்கியம் வரிசையாகத் தயாராக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவன் பேசாமலேயே நின்றான். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதே இல்லை.

"மூணு மாசம் வேணும் டாக்டர்" என்றான் கடைசியில். "கற்றாழையில ரெண்டை எடுத்துடறேன், சந்தேகமா இருக்கறதை வைக்க வேண்டாம். யூக்கா பிழைச்சுடும், அது எனக்குத் தெரியும். டேபிள் ரோஸ் புதுசா வைக்கிறேன். ஆனா ஒரு கண்டிஷன். என்னைத் தவிர யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அக்காவையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

டாக்டரம்மா இப்போது சிரித்துவிட்டார். "சரிங்க. உங்க பொறுப்பு" என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலித்தது, நன்றாகவே வலித்தது. அடுக்கு சரிந்த நாளுக்குப் பிறகு அவன் யாருக்கும் ஒரு உத்தரவு போட்டதில்லை. முதல் உத்தரவே எனக்கு. சரி என்று தலையாட்டிவிட்டு, மணலில் கால் படாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். நாலு பேர் எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தார்கள்.